உதை இரண்டு, வீச்சு ஒன்று

வண்ணத்துப்பூச்சி நீச்சலைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது எல்லோருடைய கண்ணும் தோளில்தான் நிற்கும். இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் தண்ணீருக்கு மேலே விரிந்து முன்னே விழுகின்றன. அகன்ற முதுகு எழும்பி அமிழ்கிறது. அம்மாடி, என்ன பலம் என்று வியந்துவிட்டு, இது நமக்கு ஆகாத வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். நீச்சல் பழகும் பிள்ளைகளும் அப்படியே எண்ணித் தோளை மட்டும் நம்பி இறங்குகிறார்கள். பத்து மீற்றர் போவதற்குள் மூச்சு முட்டி நின்றுவிடுகிறார்கள். பலம் போதாமல் நின்றார்கள் என்று சொல்வது தவறு. உதை ஒரு பக்கம் போக வீச்சு இன்னொரு பக்கம் போயிருக்கும். இரண்டும் பொருந்திவிட்டால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அலட்டிக்கொள்ளாமல் தடாகத்தின் மறுகரைக்குப் போவாள். பொருந்தாவிட்டால் கட்டுமஸ்தான இளைஞனும் பாதி வழியில் ஓரத்தைப் பிடிப்பான்.

இந்தப் பொருத்தத்தைக் கொண்டுவருவதற்கென்றே துண்டு துண்டான பயிற்சிகள் இருக்கின்றன. பயிற்றுநர்கள் அவற்றை 'டிரில்' என்பார்கள். எந்தப் பயிற்சி எதற்காக, அதன் பின்னாலுள்ள பௌதிகவியல் என்ன என்று தெரிந்துகொண்டு செய்தால் பாதி உழைப்பு மிச்சம். தெரியாமல் செய்தால், பயிற்சி நன்றாக வரும், நீச்சல் மட்டும் வராது. இது மிகவும் பரவலாக நடக்கிறது.

கொட்டகலையில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இலங்கைத் தமிழரிடையே நீச்சல் என்றால் நினைவுக்கு வருவது கடற்கரைதான். 1971இல் பாக்குநீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனின் பெயரைத் தெரியாதவர் குறைவு. மலைநாட்டுக்கு அப்படியொரு நீச்சல் மரபு இல்லை. ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரைச் சுற்றித் தண்ணீருக்கா பஞ்சம்? டெவன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகள் கூப்பிடு தூரத்தில். தலவாக்கலையில் 2012இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலை அணை. ஆனாலும் இவை எதுவும் நீந்தப் பழகும் தண்ணீர் இல்லை. ஓடைகள் குளிரானவை, பாறை நிறைந்தவை. மழைக்காலத்தில் அணையின் வான்கதவுகள் திறந்தால் ஆற்றில் நீர்மட்டம் சட்டென்று ஏறும். தடாகத்தில் முறையாகப் பழகவேண்டுமென்றால் மலைநாட்டுப் பிள்ளைகளுக்குக் கண்டியோ கொழும்போதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஆகவே எங்கள் பிள்ளைகளுக்குத் தடாகத்தில் கிடைக்கும் நேரம் மிகக் கொஞ்சம். கொஞ்ச நேரமே கிடைப்பவருக்குத்தான் எதைப் பயில்வது, எதை விடுவது என்ற கேள்வி மிகவும் முக்கியம்.

முதலில் இந்த நீச்சல் வந்த வழியைப் பார்க்கலாம். பயிற்சியைப் பற்றிய ஒரு பெரிய உண்மை அதில் இருக்கிறது.

1930களில் வண்ணத்துப்பூச்சி என்று தனியாக ஒரு நீச்சல் இல்லை. மார்பு நீச்சல்தான் இருந்தது. அதில் கைகளைத் தண்ணீருக்குள்ளேயே முன்னே கொண்டுபோனால் நீர் எதிர்க்கும். வெளியே எடுத்து வீசினால் எதிர்ப்பு குறையும். இதை விதி தடுக்கவில்லை. 1933இல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஹென்றி மையர்ஸ் என்ற வீரர் போட்டியிலேயே அப்படி நீந்திக் காட்டினார். அயோவா பல்கலைக்கழகத்தில் பயிற்றுநர் டேவிட் ஆம்ப்ரஸ்டரும் இதே கைவீச்சை வளர்த்துக்கொண்டிருந்தார். காலுக்கு மட்டும் பழைய தவளை உதைதான். கையும் காலும் ஒட்டவில்லை. ஒவ்வொரு உதையின்போதும் உடல் முட்டுப்பட்டு நின்றது.

1935இல் அதே பல்கலைக்கழகத்தில் ஜாக் சீக் என்ற வீரர் பக்கவாட்டில் படுத்து, இரண்டு கால்களையும் சேர்த்து, மீன் வாலை அசைப்பதுபோல அசைத்து நீந்திப் பார்த்தார். வேகமாகப் போனார். பிறகு குப்புறப் படுத்து அதே அசைவைச் செய்தார். ஆம்ப்ரஸ்டர் அதைத் தம் கைவீச்சோடு இணைத்தார். ஒரு வீச்சுக்கு இரண்டு உதை என்று அமைந்தது. இன்று நாங்கள் 'டொல்பின் உதை' என்று சொல்வது இப்படிப் பிறந்ததுதான். இந்த உதை அப்போதைய மார்பு நீச்சல் விதிக்குப் பொருந்தவில்லை என்பதால் போட்டிகளில் நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவுஸ்திரேலியாவின் ஜோன் டேவிஸ் வண்ணத்துப்பூச்சிக் கைவீச்சோடு நீந்தி 200 மீற்றர் மார்பு நீச்சலில் தங்கம் வென்றார். அதற்குப் பின்னரே இரண்டும் தனித்தனி நீச்சல்களாகப் பிரிக்கப்பட்டன. 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் வண்ணத்துப்பூச்சி முதன்முறையாகத் தனிப்போட்டியானது. ஆண்களுக்கான 200 மீற்றரில் வில்லியம் யோர்சிக்கும், பெண்களுக்கான 100 மீற்றரில் ஷெலி மானும் முதல் தங்கங்களைப் பெற்றார்கள்.

ஜாக் சீக் செய்தது ஒரு டிரில். பக்கவாட்டில் படுத்து உதைக்கும் அந்தப் பயிற்சி இன்றும் உலகெங்கும் தடாகங்களில் நடக்கிறது. மற்ற நீச்சல்களில் நீச்சல் முந்தி, பயிற்சி பிந்தி. இங்கே பயிற்சியிலிருந்தே நீச்சல் உருவானது. துண்டாகப் பயின்ற அசைவை முழு நீச்சலோடு எப்படிச் சேர்ப்பது என்று ஆம்ப்ரஸ்டர் மண்டையை உடைத்துக்கொண்ட அதே சிக்கலைத்தான் இன்றைய பிள்ளை ஒவ்வொன்றும் தன் உடம்பில் தீர்க்கவேண்டியிருக்கிறது.

இனிப் பௌதிகவியல். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதில் நகரும் உடலுக்கு வரும் தடை, வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது. அந்தத் தடையை வெல்லச் செலவாகும் வலுவோ வேகத்தின் கனத்தை ஒட்டிக் கூடுகிறது. வேகத்தைப் பத்து வீதம் கூட்டவேண்டுமென்றால் மூன்றிலொரு பங்கு அதிக வலு வேண்டும் என்று பொருள்.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. ஒருவர் செக்கனுக்கு 1.5 மீற்றர் வேகத்தில் சீராகப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.5இன் கனம் 3.375. இன்னொருவர் பாதி நேரம் செக்கனுக்கு 2 மீற்றர், மீதி நேரம் 1 மீற்றர் என்று விட்டுவிட்டுப் போகிறார். சராசரி வேகம் அதே 1.5தான். ஆனால் கனங்களின் சராசரி எட்டும் ஒன்றும் சேர்ந்த ஒன்பதில் பாதி, அதாவது 4.5. ஒரே நேரத்தில் ஒரே தூரத்தைக் கடந்தும், இரண்டாமவருக்கு மூன்றிலொரு பங்கு செலவு கூடுதல். விட்டுவிட்டு நீந்துவதற்குத் தண்ணீர் வசூலிக்கும் வரி இது.

வண்ணத்துப்பூச்சி நீச்சலின் முழுத் துன்பமும் இங்கேதான் இருக்கிறது. சுதந்திர நீச்சலில் ஒரு கை வெளியே வரும்போது மற்றக் கை தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும். இதில் இரண்டு கைகளும் ஒன்றாக வெளியே போய்விடுகின்றன. அந்த நேரத்தில் இழுக்க யாருமில்லை. போதாததற்கு மூச்செடுக்கத் தலையும் தோளும் மேலெழும்ப, கால்கள் தாழ்ந்து தடை கூடுகிறது. வேகம் சரிகிறது. சரிந்த வேகத்தை அடுத்த இழுப்பில் மீட்கவேண்டும். திரும்பச் சரிகிறது. பத்து மீற்றரில் மூச்சு முட்டுவது இதனால்தான்.

இரண்டு உதைகளும் எதற்கு என்பது இப்போது விளங்கும். முதல் உதை, கைகள் முன்னே தண்ணீரில் நுழையும்போது. வீச்சு முடிந்து வேகம் சரிந்திருக்கும் அந்தக் கணத்தில் அது உடலை முன்தள்ளி, இடுப்பை மேலே தூக்குகிறது. இரண்டாவது உதை, கைகள் இழுப்பை முடித்துத் தொடையருகே வெளியேறும்போது. தோள்கள் மேலெழுந்து கைகள் தண்ணீருக்கு வெளியே வரத் தேவையான ஆதாரத்தை அது கொடுக்கிறது. இரண்டில் எது தவறினாலும் அந்த இடத்தைத் தோள் நிரப்பவேண்டும். ஊஞ்சல் ஆடும் பிள்ளையைப் பாருங்கள்: சரியான கணத்தில் காலை நீட்டினால் மெல்லிய அசைவே போதும், பிந்தி நீட்டினால் எவ்வளவு பலமாக நீட்டினாலும் ஊஞ்சல் தணிந்துதான் போகும். இதுவும் அப்படித்தான்.

உடலின் அலையைப் பற்றி 1995இல் ரோஸ் சாண்டர்ஸும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தேர்ந்த வண்ணத்துப்பூச்சி நீச்சல்காரர்களின் உடலில் ஒவ்வொரு பகுதியும் எப்படி எழுந்து தாழ்கிறது என்று அளந்து பார்த்தார்கள். தலையும் தோளும் முக்கியமாக ஒரு கைவீச்சுக்கு ஒருமுறை எழுந்து தாழ்கின்றன. இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றிலோ இரண்டு முறை என்ற தாளமே மேலோங்கி நிற்கிறது. அந்த இரட்டைத் தாளம் இடுப்பிலிருந்து கணுக்காலை நோக்கி ஓர் அலையாகப் பயணம் செய்கிறது. மேலுடலில் ஒன்று, கீழுடலில் இரண்டு; ஒரே உடம்பில் இரண்டு தாளங்கள். பிள்ளைகள் தடுமாறுவதில் என்ன வியப்பு?

பயிற்சிகளுக்கு வருவோம்.

முதலில் பயிலவேண்டியது உதை என்றே பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது: மார்பை அழுத்துதல். நுரையீரலில் காற்று இருப்பதால் உடலின் மேலுதைப்பு மையம் மார்பருகே இருக்கும். புவியீர்ப்பு மையமோ இடுப்பருகே. அதனால்தான் சும்மா குப்புற மிதந்தால் பெரும்பாலானோருக்குக் கால் தாழ்கிறது. கைகளை முன்னே நீட்டி மிதந்தபடி, கால்களை உதைக்காமல், நெஞ்சை மட்டும் மெதுவாகத் தண்ணீருக்குள் அழுத்திப் பார்க்கவேண்டும். காற்று நிறைந்த நெஞ்சு அமிழ மறுத்து எதிர்க்கும். இடுப்பு மேலே வரும். அழுத்தத்தை விட்டால் நெஞ்சு மேலே வர, இடுப்பு தாழும். அழுத்து, விடு, அழுத்து, விடு. முதுகெலும்பை வளைத்து நெளியத் தேவையில்லை. தண்ணீரே தூக்கிவிடும். அலையின் ஊற்று இங்கே. இதை உணராத பிள்ளை பிறகு எத்தனை ஆயிரம் முறை உதைத்தாலும் முழங்காலால்தான் உதைக்கும்.

முழங்கால் உதை என்ற குறையைக் கரையில் நின்றே கண்டுபிடிக்கலாம். குதிகால்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு காற்றில் எழும், 'டப் டப்' என்று சத்தம் வரும், இடுப்பு அசையாது கிடக்கும். நல்ல உதை இடுப்பிலிருந்து கிளம்பும். தொடை கீழே போகத் தொடங்கும்போது முழங்கால் தளர்ந்து பின்தங்கும், அதன் பின்னால் கணுக்கால் பின்தங்கும், கடைசியில் பாதம் கீழ்நோக்கி வீசப்படும். மேலே திரும்பும்போது முழங்கால் நேராக இருக்கும். பாதம் திசைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு நீர்ச்சுழி கழன்று பின்னே போகிறது. பின்னே தள்ளப்பட்ட அந்த நீரின் உந்தத்துக்கு ஈடாக உடல் முன்னே போகிறது. பாதம் துடுப்பாக வேலை செய்ய, கணுக்கால் நன்றாக நீளவேண்டும்.

மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம் இது. மேட்டில் ஏறும்போது பாதம் முழங்காலை நோக்கி மடங்குகிறது. டொல்பின் உதைக்கு வேண்டியது நேர்மாறானது: பாதத்தின் மேற்புறம் கீழ்க்கால் எலும்போடு ஒரே கோட்டில் நீளவேண்டும். லயத்திலிருந்து பாடசாலைக்கும் திரும்பவும் தினமும் ஏறி இறங்கும் கால்களுக்குக் கெண்டைச்சதையில் குறையிருக்காது, நீட்டல்தான் பழகவேண்டும். பாயில் முழந்தாளிட்டு, பாதங்களைப் பின்னே நீட்டி, குதிகால்களின்மேல் மெல்ல உட்கார்ந்து சிறிது நேரம் இருப்பது போதும். முழங்கால் வலித்தால் நிறுத்திவிடவேண்டும். செலவில்லாத பயிற்சி, வீட்டிலேயே செய்யலாம், தடாகமும் வேண்டாம்.

பக்கவாட்டு உதை அடுத்தது, ஜாக் சீக் செய்த அதே பயிற்சி. குப்புறப் படுத்து உதைக்கும்போது கீழ் உதைக்கு மட்டும் பலம் கொடுத்து மேல் உதையை மறந்துவிடுவோம். பக்கவாட்டில் படுத்தால் இரண்டு திசையும் சமம். ஒரு பக்கம் மட்டும் பலமாக உதைத்தால் உடல் கோணலாகப் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். ஆழமான இடத்தில், பயிற்றுநர் அருகில் இருக்க, செங்குத்தாக நின்று கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உதைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். அங்கே முன்னேறும் வேகம் கிடையாது. உதை சரியென்றால் தலை மேலே நிற்கும், பிழையென்றால் தாழும். தண்ணீரே புள்ளி போட்டுவிடுகிறது.

ஒற்றைக் கைப் பயிற்சிதான் எனக்கு எல்லாவற்றிலும் உயர்வாகப் படுகிறது. ஒரு கை முன்னே நீட்டியபடி இருக்க, மற்றக் கை மட்டும் வண்ணத்துப்பூச்சி வீச்சைச் செய்கிறது. உதை வழக்கம்போல இரண்டு. பக்கத்தில் திரும்பி மூச்செடுக்கலாம் என்பதால் தலையைத் தூக்கும் தொல்லை இல்லை. ஒரு கை ஓய்வில் இருப்பதால் தோளும் களைக்காது. தாளம் மட்டும் முழுசாக இருக்கிறது. வாயால் எண்ணுவதற்குப் பதில் மனத்துக்குள் 'நுழை-உதை, வெளியே-உதை' என்று சொல்லிக்கொண்டு போகலாம். பயிற்றுநர் பார்க்கவேண்டியது நீட்டியிருக்கும் கையை. நெஞ்சு அழுந்தும்போது அந்தக் கையும் சற்றே தாழ்ந்து, நெஞ்சு எழும்போது எழவேண்டும். அது மேற்பரப்பில் அசையாமல் கிடந்தால் அலை நெஞ்சுக்கு வரவேயில்லை. இரண்டு தோள்களும் தட்டையாக இருக்கின்றனவா என்பதும் முக்கியம். உடல் இருபுறமும் உருளத் தொடங்கினால், பிள்ளை தன்னை அறியாமலே சுதந்திர நீச்சலுக்கு நழுவிவிட்டது என்று அர்த்தம்.

இது வந்தபின் வலக்கையால் இரண்டு, இடக்கையால் இரண்டு, இரு கைகளாலும் இரண்டு என்று கலந்து செய்வது. முழு நீச்சல் இரண்டு வீச்சு மட்டுமே என்பதால் அது கெடுவதற்கு நேரமில்லை. கெடும் முன்னர் ஒற்றைக் கைக்குத் திரும்பிவிடுகிறோம்.

வண்ணத்துப்பூச்சிக் கைவீச்சோடு சுதந்திர நீச்சலின் மாற்று உதையைச் சேர்த்துச் சிலர் பயிற்சி கொடுப்பார்கள். கை வழியை மட்டும் பார்க்க அது உதவலாம். ஆனால் என் கருத்தில் தொடக்கநிலைப் பிள்ளைக்கு அது வேண்டாம். அதில் வீச்சையும் உதையையும் இணைக்கும் முடிச்சு அறுந்துபோகிறது. இதற்குக் கல்வி உளவியலில் நல்ல ஆதாரம் இருக்கிறது. 1963இல் நெய்லர், பிரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு வேலையைத் துண்டுகளாகப் பயில்வது எப்போது பயன் தரும், எப்போது தராது என்று ஆராய்ந்தார்கள். பகுதிகள் ஒன்றையொன்று அதிகம் சாராத வேலையாக இருந்தால் துண்டாகப் பயிலலாம். பகுதிகள் நெருங்கிப் பின்னிக் கிடந்தால் முழுதாகப் பயில்வதே மேல். வண்ணத்துப்பூச்சி நீச்சலைவிடப் பின்னிக் கிடக்கும் அசைவு எது? ஆகவே துண்டாக்கும்போது எங்கே வெட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஒரு கையைக் கழிக்கலாம், மூச்சைக் கழிக்கலாம், தூரத்தைக் கழிக்கலாம். உதைக்கும் வீச்சுக்கும் இடையிலுள்ள பொருத்தத்தில் மட்டும் கத்தி படக்கூடாது.

மூச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கைகள் இழுப்பை முடிக்கும் நேரத்தில் தலை எழும்பவேண்டும். நாடி தண்ணீரை உரசிக்கொண்டு போனால் போதும். கைகள் முன்னே வந்து விழுவதற்கு முன்பே முகம் உள்ளே போய்விடவேண்டும். பிள்ளைகள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கிறார்கள்; உடனே கால் தாழ்கிறது, முதல் உதை வீணாகிறது. ஆரம்பத்தில் இரண்டு வீச்சுக்கு ஒருமுறை மூச்செடுத்தால் தாளம் கலையாது.

இந்தப் பயிற்சிகளில் ஆபத்தான ஒன்றும் இருக்கிறது: நீருக்கடியில் டொல்பின் உதை. மேற்பரப்பில் போகும்போது அலைகளை எழுப்புவதில் சக்தி வீணாகிறது. ஆழத்தில் அந்த வீணாக்கம் குறைவு. 1996 அற்லாண்டா ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் டெனிஸ் பங்கரத்தோவ் நீண்ட தூரம் அடியிலேயே உதைத்துப் போய் இரண்டு வண்ணத்துப்பூச்சித் தங்கங்களையும் அள்ளினார். 1998இல் விதி வந்தது: தொடக்கத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் 15 மீற்றருக்குள் தலை மேலே வந்தாகவேண்டும். பிள்ளைகள் இதைக் கண்டு யார் அதிக தூரம் அடியில் போவது என்று போட்டி போடுவார்கள். மூச்சு விடவேண்டும் என்ற தவிப்பைத் தருவது ஒட்சிசன் குறைவதைவிட முக்கியமாகக் காபனீரொட்சைட்டு கூடுவதுதான். போட்டிக்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விட்டால் காபனீரொட்சைட்டு குறைந்துவிடும்; ஒட்சிசன் மட்டும் அவ்வளவாகக் கூடுவதில்லை. தவிப்பு பிந்துகிறது, அதற்குள் ஒட்சிசன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்புகிறது. நன்றாக நீந்துபவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். அடியில் ஐந்து ஆறு உதை, உடனே மேலே. கரையில் கண்ணெடுக்காமல் பார்ப்பவர் ஒருவர். மூச்சடக்கும் போட்டி கிடையவே கிடையாது. இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் இந்தப் பயிற்சிகள் எதுவுமே வேண்டாம். மிதக்கவும் சுதந்திர நீச்சலில் போய்வரவும் தெரியாத பிள்ளைக்கு வண்ணத்துப்பூச்சியும் வேண்டாம்.

மலையில் பிறந்த பிள்ளைக்கு இதெல்லாம் எட்டுமா என்று கேட்பவர்களுக்கு சஜன் பிரகாஷின் பெயரைச் சொல்லலாம். 1993இல் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் பிறந்தவர். ஏலமும் தேயிலையும் விளையும் மலைநாடு அது, எங்கள் ஊரைப் போலவே. தாயார் சாந்திமோள் தடகள வீராங்கனை. அவருக்கு நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை. மகன் வளர்ந்தது தமிழ்நாட்டின் நெய்வேலியில். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 200 மீற்றர் வண்ணத்துப்பூச்சியில் நீந்தினார். பிறகு கழுத்தில் முள்ளந்தண்டு வட்டு விலகி, கையை முழுதாகப் பயன்படுத்த முடியாத நிலை வந்தது. அதிலிருந்து மீண்டு, பயிற்றுநர் பிரதீப் குமாரிடம் துபாயில் பயின்று, 2021 ஜூன் மாதம் ரோமில் நடந்த போட்டியில் 200 மீற்றரை 1 நிமிடம் 56.38 செக்கனில் முடித்தார். ஒலிம்பிக்குக்கான 'ஏ' தகுதி நேரம் 1:56.48. அந்தத் தகுதியை நேரடியாக எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான். வித்தியாசம் செக்கனில் பத்திலொரு பங்கு. அவருடைய சராசரி வேகத்தில் கணக்கிட்டால் 17 சென்றிமீற்றர், ஒரு கையின் நீளம்கூட இல்லை. நான்கு நீளங்கள் நெடுக எத்தனையோ வீச்சுகளில் உதை சிறிது பிந்தியிருந்தால் அந்தப் 17 சென்றிமீற்றர் இருந்திருக்காது.

இடுக்கியில் பிறந்த திறமை நெய்வேலியில் மலர்ந்ததற்குத் தாயின் வேலையிடம் ஒரு காரணம் என்பதை மறக்கக்கூடாது. கொட்டகலை, ஹட்டன், தலவாக்கலைப் பிள்ளைகளின் உடம்பில் குறையில்லை. பிள்ளை சைக்கிளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் சூடாக்கிய தண்ணீருள்ள ஒரு தடாகம் வேண்டும். போட்டித் தடாகங்களில் நீரின் வெப்பநிலை 25 முதல் 28 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. தண்ணீர் உடற்சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு விரைவாக உறிஞ்சுவதால், எங்கள் குளிரில் சூடாக்காத தடாகம் பல நாட்கள் பயன்படாது. மலைநாட்டில் கல்விக்கும் விளையாட்டுக்கும் திட்டம் போடுபவர்கள் மைதானத்தோடு நின்றுவிடாமல் இதையும் கேட்கவேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

அதுவரைக்கும் கிடைக்கும் ஒரு மணித்தியாலத்தை எப்படிப் பிரிப்பது? ஒரே பயிற்சியை மணிக்கணக்கில் செய்வதைவிடக் கலந்து செய்வது நல்லது. 1979இல் ஷீ, மோர்கன் என்ற இருவர் செய்த புகழ்பெற்ற பரிசோதனை இதைக் காட்டியது: கலந்து பயின்றவர்கள் பயிற்சி நேரத்தில் திணறினார்கள், ஆனால் நாட்கள் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கே நன்றாக நினைவிருந்தது. ஆகவே நெஞ்சழுத்தம் ஒரு நீளம், பக்கவாட்டு உதை ஒரு நீளம், ஒற்றைக் கை இரண்டு நீளம், பிறகு முழு நீச்சல் நான்கே வீச்சு. மீதி தூரத்தை விருப்பம்போல் நீந்திக் கரை சேரலாம். மூச்சு முழுதாகத் திரும்பும்வரை காத்திருந்து மறுபடியும். களைத்த உடம்பு பிழையான தாளத்தையும் அதே அக்கறையோடு மனப்பாடம் செய்துகொள்ளும் என்பதால், இடுப்பு எழும்பாத முதல் வீச்சிலேயே பயிற்றுநர் கை தட்டி நிறுத்திவிடவேண்டும். குட்டையான துடுப்புக் காலணி கிடைத்தால் தொடக்க வாரங்களில் போட்டுக்கொள்ளலாம். அது தரும் மேலதிக வேகத்தில் உடல் மிதந்து நிற்பதால், தாளத்தைக் கவனிக்கப் பிள்ளைக்கு நேரம் கிடைக்கும். நான்கு வீச்சு சுத்தமாக வந்தபின் ஆறு, அதன்பின் எட்டு. ஒரு முழு நீளத்துக்கு அவசரம் வேண்டாம். தடாகம் இல்லாத நாட்களில் பாயில் குப்புறப் படுத்து நெஞ்சை அழுத்தி விடுவதும், நின்றபடி கைவீச்சோடு 'நுழை-உதை, வெளியே-உதை' என்று முழங்காலை மடக்கி நீட்டிப் பார்ப்பதும், கணுக்காலை நீட்டுவதும் போதும்.